மூன்று அளவில் ஆறு பட்டன்

சிறுவயதில் என் கையை ஏழெட்டுத் தடவை அளந்திருக்கிறார்கள். வளையல் வாங்க அல்ல, வீடியோ கேம் பலகை செய்ய. அளந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. அந்தப் பலகையில் ஒரு நாள்கூட நான் ஆசைதீர ஆடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

அப்போது எனக்குப் பத்து வயது. மும்பை தாராவியில் ஒற்றை அறை வீடு. கீழே அப்பா, அம்மா, நான். ஏணி வைத்து ஏறும் மாளாவில், அதாவது பரண் மாதிரி மேல்தட்டில், மாமா. பக்கத்துச் சந்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. வெட்டி மிஞ்சிய பிளைவுட்டும் அக்ரிலிக் துண்டுகளும் சாயங்காலம் அவரோடு வீட்டுக்கு வரும். மூடிப்போன ஒரு கேம் பார்லரிலிருந்து ஒரு ஜாய்ஸ்டிக் கைப்பிடியும் ஒரு பை நிறையச் சிவப்புப் பட்டன்களும் வாங்கிக்கொண்டு வந்தாரே, அன்றைக்குத் தொடங்கியது இந்தக் கூத்து.

நீளமான ஒரு சட்டம் செய்தார். அதில் மூன்று பள்ளம். இடது பள்ளத்தில் கைப்பிடி வைத்த பலகை, நடுவில் சுழற்றும் குமிழ் வைத்த பலகை, வலப்பக்கம் ஆறு பட்டன் வைத்த பலகை. மூன்றும் தனித்தனி. அடியில் இருக்கும் மறையாணியைக் கையால் திருகினால் பலகை கழன்று வரும். வயரை உருவிவிட்டு அந்த இடத்தில் வேறு பலகையைச் செருகலாம். கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டால் பார்லரில் ஆடுகிற ஆட்டமெல்லாம் வீட்டிலேயே ஆடலாம்.

இதுவரை எனக்கு விளங்கியது. விளங்காதது பட்டன் பலகை. அதை மட்டும் மூன்று செய்தார். மூன்றிலும் அதே ஆறு சிவப்புப் பட்டன். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் வேறு. சின்னப் பலகைக்கு என் கையை அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். பெரிய பலகைக்கு, தோசைமாவு ஒட்டியிருந்த அம்மாவின் கையை இழுத்து வைத்து வரைந்தார். நடுப்பலகைக்கு யார் கையும் கிடைக்கவில்லை. என் கைக்கும் அம்மா கைக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கணக்குப் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார்.

"ஒரே ஆறு பட்டனுக்கு எதுக்கு மாமா மூணு பலகை?" என்று கேட்டேன்.

"கை வளரும்லா. வளர வளர மாத்திக்கிடலாம்."

"வளந்தா நீங்க வேற செஞ்சு குடுக்க மாட்டீங்களா?"

"ஏட்டி, கைய அசைக்காத. கோடு கோணுது பாரு," என்றார் மாமா.

பலகை எனக்கில்லை என்பது எனக்குத் தெரியும். அது மும்பையிலேயே இன்னொரு மூலையில், சீத்தா கேம்பில் இருந்த மாமாவின் மகளுக்கு. எங்கள் வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை, 'அந்தப் பிள்ளை' என்பார்கள். என்னைவிட நாற்பது நாள் மூத்தவள். எங்களுக்கு மூன்று வயதாக இருக்கும்போது மாமாவும் அத்தையும் பிரிந்துவிட்டார்கள், பிள்ளை அத்தையோடு போய்விட்டது. ஏழாம் வாய்ப்பாட்டைப்போல இது எனக்கு மனப்பாடம், அதே மாதிரி அர்த்தமும் தெரியாது. என் குழப்பம் வேறு. பலகை அந்தப் பிள்ளைக்கு என்றால் அவள் கையை அல்லவா அளக்க வேண்டும்? சீத்தா கேம்ப் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அம்மாவிடம் கேட்டேன். பதிலுக்கு நடுமண்டையில் ஒரு கொட்டு கிடைத்தது.

பிறகு ஒரு சேதி வந்தது. அத்தைக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் விடியற்காலையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறாள். பூஜையன்று சாயங்காலம் நாலு மணிக்கு வந்தால் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கலாம். மாமா புதுச்சட்டை எடுத்தார். பலகையைத் துடைத்துத் துடைத்து வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையைப் பார்த்து வெட்டிய பலகை என் பலகைதானே? அவள் அதில் கையை வைத்தால் நான் சும்மா இருப்பதா?

பூஜையன்று காலையில் ஒரு காரியம் செய்தேன். சின்னப் பலகையைப் பழுப்புத் தாளில் பொதிந்து, புத்தகத்துக்கு ஒட்டுகிற மாதிரி லேபிள் ஒட்டி, என் பெயரும் வகுப்பும் எழுதி, பாடம் என்ற இடத்தில் 'கணக்கு' என்று எழுதினேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிய புத்தகங்களுக்கு அடியில் அதைச் செருகினேன். பக்கத்தில் மாமாவின் டிரில்லும் மரம் அறுக்கும் வாளும் பொட்டு வைத்து இருந்தன. அம்மா என் அடுக்கில் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினாள். அவ்வளவுதான். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. முந்தின வருஷம் டைரியை உருவியதற்கு அம்மா என்னை ஐம்பது தோப்புக்கரணம் போடவைத்திருக்கிறாள். அவள் உயிரோடு இருக்கும்வரை அந்த அடுக்கு அசையாது என்று நிம்மதியாகப் பொரிகடலை தின்றேன்.

இரண்டரை மணிக்கு மாமா துணிப்பையில் எல்லாவற்றையும் அடுக்கினார். ஒரு பலகை குறைந்தது. மாளாவில் தேடினார், கட்டிலுக்கு அடியில் தேடினார், பட்டறைக்கு ஓடிப்போய் வெறுங்கையோடு திரும்பினார். மணி மூன்றாகிவிட்டது. புதுச்சட்டை வேர்வையில் ஒட்டியிருக்க, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நடுப்பலகைய மாட்டிக் குடுத்துருதேன்க்கா. இப்ப அவ விரலுக்கு எட்டாது. எட்டுறப்ப ஆடட்டும்."

"இப்ப ஆடாததப் பிள்ள எப்ப ஆடும்?" என்றாள் அம்மா.

அவள் கண் அறையைச் சுற்றி வந்து என்மேல் நின்றது. நான் சரஸ்வதியைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன். அதுவே என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அம்மா அடுக்குக்கு முன்னால் குனிந்தாள்.

"ஒரு வகுப்புக்கு எத்தன கணக்குப் புஸ்தகம்ட்டி?"

மேலேயே ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. திருடத் தெரிந்தவளுக்குத் தலையாரி வீட்டில் ஒளியத் தெரியவில்லை.

மாமாவும் பார்த்துவிட்டார். "பூசைல இருக்குக்கா, விடு. நான் இப்படியே போறேன்," என்று பையைத் தூக்கினார்.

அம்மா புத்தகங்களைத் தூக்கி, அடியிலிருந்து பலகையை உருவினாள். என் அம்மா! பூஜைப் புத்தகத்தின்மேல் பாவாடை பட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்பவள். பழுப்புத் தாளைக் கிழித்தாள். தாளில் ஊறிய சந்தனம் ஒரு சிவப்புப் பட்டனில் ஒட்டியிருந்தது. மாமா துடைக்கப் போனார்.

"துடைக்காத, அப்படியே கொண்டு போ. சாமி கோவிச்சா நான் பேசிக்கிடுதேன். நீ ஜல்தி கெளம்பு."

மாமா ஓடினார். எனக்கு அடி விழும் என்று சுவரோரம் ஒண்டினேன். விழவில்லை. அம்மா புத்தகங்களை மறுபடி நேராக அடுக்கி, என்னைப் பார்த்து, "தொட்ட, கைய ஒடிச்சிருவேன். நாளைக்குக் காலைலதான்," என்றாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இல்லாத சட்டம் எப்படித் திரும்பி வந்தது? முந்தானையால் ஏன் முகத்தைத் துடைக்கிறாள்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

விளக்கேற்றுகிற நேரத்தில் மாமா வந்தார். காலிப்பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"சரியா இருந்துச்சாலே?" என்றாள் அம்மா.

"ஒரு நூல் பிசகல. இவ கையும் அவ கையும் ஒண்ணுதான்க்கா."

பிறகு என் எதிரில் தரையில் உட்கார்ந்து, "கையக் காட்டுட்டி" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இவ்வளவு குற்றம் செய்தும் எனக்கும் ஒரு பலகை செய்யப்போகிறார்! ஐந்து விரலையும் விரித்து, கோடு கோணாதபடி மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு, கையைத் தரையில் வைத்தேன். மாமா அதன்மேல் தன் கையை வைத்து மூடினார். எடுக்கவே இல்லை.

"பென்சில் எங்க மாமா?" என்றேன்.