பார்வதம்மாவின் கொழுப்புருண்டை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் மாரிகுப்பம் சுரங்கக் குடியிருப்பு லைன் ஆம்பிளைகள் முதலில் போவது சாராயக்கடைக்கு அல்ல, பார்வதம்மாவின் குடிசைக்கு. மாட்டுக் கொழுப்பை உருக்கி, மிளகும் கல்லுப்பும் தட்டிப் போட்டு, எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி வைத்திருப்பாள். அதை விழுங்கிவிட்டுப் போய் எவ்வளவு ஊற்றிக்கொண்டாலும் சரி. திரும்பி வந்து படுக்குமுன் ஒரு சொம்பு நீராகாரம், விடிந்ததும் கருவாட்டுச் சாறு. திங்கட்கிழமை தலைவலி கிடையாது, வாந்தி கிடையாது, கை நடுக்கமும் கிடையாது.

அங்கே கை நடுக்கம்தான் பெரிய விஷயம். சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறுமுன், ஆபிரகாம் மேஸ்திரி கொட்டகைக்குள் ஒவ்வொருத்தனையும் கொளுத்திய மெழுகுவர்த்தியைப் பிடித்துக் கையை நீட்டச் சொல்வார். சுடர் ஆடாவிட்டால் உள்ளே போகலாம். ஆடினால் வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். மூன்று முறை ஆடினால் பேரை அடித்துவிடுவார்கள், கம்பெனி கொடுத்த குடிசையும் போய்விடும். பார்வதம்மாவின் புருஷன் தங்கவேலுவுக்கு இரண்டு முறை ஆடியாயிற்று. அதற்கப்புறம்தான் அவள் இந்த வித்தையைக் கையில் எடுத்தாள்.

வித்தை புதிதல்ல. குடியாத்தத்துப் பக்கம் அவள் அப்பன் பண்ணையில் ஏர் ஓட்டியவன். குடித்துவிட்டு மறுநாள் எழுந்திருக்காவிட்டால் மரத்தில் கட்டிவைத்து அடிப்பார்கள். அப்பன் அடிபடாமல் இருக்கப் பாவாடை வயதிலேயே அவள் கண்டுபிடித்த பக்குவம் இது. அப்பன் அடியில் சாகவில்லை, குடல் வெந்து செத்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பக்கத்துக் குடிசை ரத்தினம்மா ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டாள். “இன்னாடி பாரு, புண்ணியமா பண்ற நீ? முன்னெல்லாம் தலவலிக்குப் பயந்துக்கினாவது என் வூட்டுக்காரன் பாதியில நிறுத்துவான். இப்ப பயமே இல்லாம ஊத்திக்கிறான்.”

“அவன் வாய நீ அடக்கு. எங்கிட்ட இன்னாத்துக்கு வர?” என்றாள் பார்வதம்மா. கர்வம், வேறென்ன? லைன் முழுக்க அக்கா, அக்கா என்று அவள் வாசலில் நின்றால் கண் தலைக்கு மேலே போகாதா?

அவளுடைய தம்பி ஏழுமலையும் அந்தச் சுரங்கத்தில்தான் இருந்தான். ஒருவன் ஜம்பர் என்கிற நீள உளியைப் பாறைமேல் வைத்துப் பிடித்துக்கொள்வான், இன்னொருவன் சம்மட்டியால் அதன் தலையில் போடுவான். பிடிப்பவன் கை தப்புவதும் போவதும் அடிப்பவன் கண்ணில் இருக்கிறது. கண்டவனிடம் விடுவதைவிடச் சொந்த மாமன் பார்த்துக்கொள்வான் என்று மேஸ்திரியிடம் கெஞ்சி, ஏழுமலையைத் தங்கவேலுவுக்கு ஜோடியாகப் போடவைத்தவள் பார்வதம்மாவேதான்.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஏழுமலை வந்து அடுப்பு முன் உட்கார்ந்தான்.

“அக்கா, இன்னிக்கி மாமாவுக்கு அந்தச் சாற குடுக்காத. போன வாரமே சம்மட்டி என் கட்டைவெரல உரசிக்கினு போச்சி. அவுரு கை நடுங்கல. கண்ணுதான் ஒன்ன ரெண்டா பாக்குது.”

“குடுக்கலன்னா மெழுகுவத்தி ஆடும்டா. பேர அடிச்சிடுவாங்க. எங்க போய்ப் படுப்போம்?”

“என் கை, அக்கா,” என்றான் அவன்.

பார்வதம்மா அடுப்பைப் பார்த்தாள், உள்ளே மல்லாந்து கிடந்த புருஷனைப் பார்த்தாள். பிறகு சொம்பை எடுத்தாள். “என் பக்குவம் இன்னிக்கி வரிக்கும் பொய்ச்சதில்ல. பயப்படாத போ,” என்று சொல்லித் தங்கவேலுவை எழுப்பிச் சாற்றைக் குடிக்கவைத்தாள்.

பக்குவம் பொய்க்கத்தான் இல்லை. கொட்டகையில் தங்கவேலு நீட்டிய மெழுகுவர்த்தியின் சுடர் துளிகூட அசையவில்லை. மேஸ்திரி பாவம், கையைப் பார்த்தார். கண்ணை எவன் பார்த்தான்? மத்தியானத்துக்குள் கேஜ் ஏழுமலையை மேலே கொண்டுவந்தது. வலது கையைத் தலைப்பாகைத் துணியில் சுற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

தங்கவேலு அன்றைக்கும் வயிறார ஒரு தட்டுக் களி தின்றான். “என் கை நடுங்கவே இல்ல. வேணும்னா மேஸ்திரிய கேட்டுப் பாரு,” என்றான். அவன் அடிக்கும் ஜம்பரைப் பிடிக்க மறுநாளே வேறு ஒருவனைப் போட்டுவிட்டார்கள்.

ஏழுமலை ஆஸ்பத்திரியிலிருந்து அக்காள் குடிசைக்கு வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, கொழுப்புச் சட்டியைக் கவிழ்த்துவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள் பார்வதம்மா. இனி ஜென்மத்துக்கும் அடுப்பில் ஏற்றுவதில்லை என்று இருந்தாள். வெளியே எந்நாளும் இல்லாத கூட்டம். ஆண்டர்சன்பேட்டையிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. “கண்ணே தெரியாத அளவுக்குக் குடிச்சும் தங்கவேலுக்கு மெழுகுவத்தி ஆடலியாமே. அக்கா, கதவத் தொறங்க,” என்று தட்டினார்கள்.

“நா தரமாட்டேன். செத்துத் தொலைங்க,” என்று உள்ளிருந்தே கத்தினாள். கத்திவிட்டு அழுதாள்.

தங்கவேலு தூணில் சாய்ந்துகொண்டு, “எனக்கு?” என்று கேட்டான்.

மூலையில் இடது கையால் சோற்றைப் பிசைந்து பழகிக்கொண்டிருந்த ஏழுமலைதான் நிமிர்ந்தான்.

“குடுத்துடுக்கா,” என்றான். “மாமா வேலையும் பூட்ச்சின்னா எனக்கு யாரு சோறு போடுவாங்க?”