அறுநூற்று நாற்பது கேபி

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் அந்தப் பெரியவர் என் பக்கத்தில் இருந்தார். துண்டின் முனையால் போன் திரையை அடிக்கடி துடைத்துக்கொண்டே வந்தார்.

“போன்ல எடமில்லன்னுச்சு தம்பி. ஒண்ணு அறுநூத்தி நாப்பது கேபியோ என்னமோ, இன்னொண்ணு வெறும் ரெண்டு. பெருச அழிச்சிட்டேன். இன்னும் எடமில்லங்குது.”

வாங்கிப் பார்த்தேன். மிச்சமிருந்தது இரண்டு ஜிபி, ஒரு சினிமாப் படம்.

“நீங்க அழிச்சது கேபி. ரொம்பச் சின்னது. என்ன அது?”

“எங்க வூட்டுக்காரம்மா ஆஸ்பத்திரிலேருந்து கடைசியா பேசி அனுப்புனது.” திரையை மறுபடி துடைத்துவிட்டுக் கேட்டார். “இந்தப் படம் இருக்கிற எடத்துல அது மாதிரி எத்தினி புடிக்கும்?”

மனக்கணக்குப் போட்டு, “மூவாயிரத்துக்கும் மேல” என்றேன்.

கடலூர் வரை அவர் திரையைத் துடைக்கவே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம் நான்.