இழுப்பு வராத நாளில் வைக்கும் மிஷின்

எங்களுக்குப் போகி கிடையாது. நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் புகைக்கு அது தெரியுமா? சேலையூரில் எங்கள் தெரு முழுக்கப் பழைய பாயும் டயரும் எரிகிற விடியற்காலையில், அது நேராக எங்கள் ஜன்னலுக்குள்தான் நுழையும். வருஷா வருஷம் போகியன்று மூச்சிழுப்பு வந்த மகளைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, மேற்குத் தாம்பரத்து நர்ஸிங் ஹோமுக்கு ஓடுவோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் எனக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விடும். முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்த பிறகுதான், காதுவரை ஏறியிருந்த அவள் தோள்கள் கீழே இறங்கும். ஊரே கொண்டாடுகிற அந்த நாளை நான் மனதார வெறுத்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், அவள் இரண்டாம் வகுப்புப் படித்தபோது, மழை தொடங்கிய சமயத்தில் டாக்டர் ஒரு வழி சொன்னார்.

“நெபுலைசர் மிஷின வீட்டுலயே வாங்கி வெச்சுக்குங்கம்மா. வீசிங் வந்தா குடுக்கற மருந்து வேற. இப்ப நான் எழுதித் தர்ற மருந்து வராம இருக்கறதுக்கு. காலைலயும் சாயங்காலமும், நல்லா இருந்தாலும் வைக்கணும். நல்லாத்தான இருக்கான்னு நிறுத்தினீங்க, போகிக்கு மறுபடி இங்கதான் வருவீங்க.”

மிஷின் வந்தது. பழைய மிக்ஸி மாதிரிக் கத்தும். எங்கள் வீட்டுக் காலை ஜெபமும் அதே நேரம்தான். அந்தச் சத்தத்துக்கு மேலே என் வீட்டுக்காரர் தொண்டை கிழிய ஜெபம் பண்ணுவார். “ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும், மெதுவா சொல்லுங்க” என்பேன். முகமூடிக்குள்ளிருந்து மகள் ஆமென் சொல்வாள். பிறகு முகம் கழுவி வாய் கொப்பளிக்க வேண்டும். அதற்குத் தினமும் ஒரு சண்டை. ஆனாலும் கிறிஸ்துமஸ்வரை ஒரு நாள்கூட இழுப்பு வரவில்லை. பாடல் குழுவோடு தெருத் தெருவாகப் பனியில் போய்விட்டுக்கூட வந்தாள்.

நன்றாக இருந்ததுதான் வம்பாகப் போயிற்று. போகி நெருங்கிவிட்ட ஒரு சாயங்காலம், நான் பெருங்களத்தூர்ப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், மிஷின் இருந்த இடம் காலியாக இருந்தது.

“எதிர் வீட்டு சாருக்கு வீசிங்காம். கேட்டாங்க, குடுத்தேன். காலைல தந்துடுவாங்க” என்றார் வீட்டுக்காரர்.

“அப்ப இன்னிக்கு சாயங்காலம் இவளுக்கு?”

“அவதான் நல்லா இருக்காளே. சும்மாதானே கெடக்குது?”

எங்கள் தெருவில் ஏணி, இட்லிக் குண்டான், இஸ்திரிப் பெட்டி எல்லாமே வீடு வீடாகப் போய் வரும். கேட்டால் இல்லையென்று சொல்கிற பழக்கமே கிடையாது. அந்தக் கணக்கில் இவர் என் பெண்ணின் மூச்சையும் இரவல் கொடுத்திருக்கிறார். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

அங்கே ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனிதர், என் மகளின் சின்ன முகமூடியை மூக்கில் மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீசை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“இன்னா டீச்சரம்மா, பாப்பாவுக்கு நல்லா கீதுன்னு சார் சொன்னாரே?”

“நல்லா இருக்கணும்னுதான் சார் தினமும் வைக்கிறோம்.”

அவர் நெஞ்சில் விசில் அடிப்பது எனக்கே கேட்டது. அந்தச் சத்தத்தோடு எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்! பிடுங்கிக்கொண்டு வர மனம் வரவில்லை. அவர் வாங்கி வைத்திருந்த மருந்து முழுவதும் முடியட்டும் என்று நின்று, பிறகு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இனி அவருக்கென்று தனி முகமூடி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னேன். மகளுக்கு வீட்டுக்காரரே கடைக்கு ஓடிப் புது முகமூடி வாங்கி வந்தார். அதை மாட்டிய பிறகுதான் அன்று சோறு போட்டேன்.

போகி விடிந்தது. டயர் நாற்றம் மூக்கில் ஏறியதும் எழுந்து, தூங்குகிறவள் முதுகில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. நம்பாமல் மறுபடி வைத்தேன். “கூசுதும்மா, போ” என்று புரண்டு படுத்தாள். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிட்டு, பயம் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

எழுந்ததும் மிஷினை எடுத்து வைத்தேன். வீட்டுக்காரர் திருந்தவில்லை. “இவ்ளோ புகைலயே ஒண்ணும் ஆகல. லீவு நாள்தானே, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாமே” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் இடுப்பில் கை வைத்தாள்.

“டாக்டர் அங்கிள் என்னப்பா சொன்னாரு, நல்லா இருந்தாலும் வைக்கணும்னு சொன்னாரா இல்லியா, அன்னிக்கு எதிர் வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்ட, இன்னிக்கு லீவுன்ற, ஆஸ்பத்திரிக்கு நீயா போவ, நான்தான போவணும், ஊசி எனக்குத்தான போடுவாங்க!”

போன போகிக்குத் ‘தண்ணி’ என்று கேட்கவே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. இப்போது எல்லாம் ஒரே மூச்சில், எங்கேயும் நிற்கவில்லை.

“பெரியவங்ககிட்ட இப்டியா பேசறதுன்னு கேளு” என்று அவர் என்னைப் பார்த்தார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் திட்டுடி” என்றேன்.