அடுப்புக்குப் போட்ட ஷோகேஸ் கண்ணாடி

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. எங்கள் வீட்டுச் சமையலறையில் ‘டமார்’ என்று ஒரு சத்தம்.

சிலிண்டர்தான் என்று நினைத்து ஓடினேன். மனைவி பிலோமினா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கரண்ட் அடுப்பின் மேல்தகடு நாலைந்து துண்டாகப் பிளந்து கிடந்தது. மேலே இருந்த பாலில் முழுக்கச் சில்லுகள்.

“பால் பொங்குதேன்னு ரெண்டு சொட்டு தண்ணிதாங்க தெளிச்சேன்...”

அவள் கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

உள்ளே கம்பிச்சுருள் சிவக்கச் சிவக்க எரியுமே, அந்த மாதிரி இன்ஃப்ராரெட் அடுப்பு. குக்கரைக் கைதவறிப் போட்டு அதன் தகட்டை உடைத்த புண்ணியவான் நான்தான். திண்டிவனத்தில் எங்கள் தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அந்தோணி, முந்தின நாள்தான் கண்ணாடி மாற்றிக் கொடுத்திருந்தார்.

கோபத்தோடு கடைக்குப் போனேன். “என்ன கண்ணாடிங்க போட்டீங்க?”

“கம்பெனி தகடு வர இருபது நாள் ஆவும்னாங்க சார். நீங்க அவசரம்னீங்க. ஷோகேஸுக்குப் போடுற கறுப்புக் கண்ணாடிய வெட்டிப் போட்டேன். ரெண்டு நிமிஷம் எரிய வுட்டும் பார்த்தேன். ஒண்ணும் ஆவலியே...”

சட்டென்று நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது.

“சார்... இன்னொரு அடுப்புக்கும் அதையேதான் போட்டேன். அம்மா வீட்டுக்கு வந்திருந்தவங்க, இன்னைக்கு காலைல பஸ்ல எடுத்துக்கினு போய்ட்டாங்க. கைக்குழந்தக்காரங்க.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

நோட்டில் இருந்த நம்பருக்கு அடித்தோம் — ஸ்விட்ச் ஆஃப். மறுபடி... மறுபடியும் ஸ்விட்ச் ஆஃப்.

“பேரு லூர்துமேரி. விழுப்புரத்துல ஸ்டேஷன் பின்னால மாதா கோயில் தெருன்னாங்க.”

“பைக்ல ஏறுங்க.”

நாலு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே பறந்தோம். அந்தோணியின் விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன. “மாதாவே, மாதாவே” என்று முனகிக்கொண்டே வந்தார்.

அந்த மேல்தகடு பார்க்கத்தான் கண்ணாடி. உண்மையில் அது கிளாஸ் செராமிக். கண்ணாடிக்குள்ளேயே பொடிப்பொடிப் படிகங்களை வளரவிட்டுச் செய்வது. சூடு பட்டால் எல்லாப் பொருளும் விரியும். இது ஏறக்குறைய விரிவதே இல்லை. அதனால்தான் தகதகவென்று எரியும்போது தண்ணீர் பட்டாலும் தாங்குகிறது. சாதாரணக் கண்ணாடி அப்படியா? சுட்ட இடம் விரியும், சுடாத இடம் விரியாது. இரண்டும் இழுத்துக்கொண்டால் வெடிக்காமல் என்ன செய்யும்?

இதெல்லாம் நான் பிறகு படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் — வீட்டில் வெடித்த அந்தச் சத்தம்.

மாதா கோயில் தெருவில் மூன்று வீடு விசாரித்தோம். நாலாவது வீட்டில் கதவு திறந்தே இருந்தது. தரையில் அடுப்பு. அதன்மேல் நிறையத் தண்ணீரோடு ஒரு குண்டான். இரண்டடி தள்ளிப் பாயில், கையைக் காலை ஆட்டிக்கொண்டு குழந்தை.

“ஏம்மா! அடுப்ப போட்டுட்டியா?” அந்தோணி கத்தினார்.

லூர்துமேரி மிரண்டுபோய் எழுந்தாள். “சுவிச்சு போட்டுத்தான் இருக்கேண்ணா. கரண்டு இல்ல. வந்தா தண்ணி காயட்டும், குழந்தைக்கு ஊத்தலாம்னு...”

அந்தோணி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் எங்களைத் திட்டவில்லை. குழந்தையை வாங்கி இறுக்கிக்கொண்டு, அடுப்பையே வெறித்துப் பார்த்தாள்.

அப்போது தலைக்கு மேலே ஃபேன் மெல்லச் சுற்றத் தொடங்கியது.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

அந்தோணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கண்ணாடி வெட்டியது அவர், அவசரப்படுத்தியது நான்தானே?

நேற்று அவர் கடையில் நின்றிருந்தேன். ஒருவர் உடைந்த அடுப்போடு வந்தார். “ஏதாவது ஒரு கண்ணாடிய போட்டு ஜல்தியா குடுப்பா.”

“நம்மால ஆவாதுங்க. கம்பெனி தகடு வர்ற வரைக்கும் வெய்ட் பண்ணுங்க.”

வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போனார். அந்தோணி விடவில்லை, பின்னாலேயே ஓடினார்.