ரசமட்டம் தேய்த்த எலும்பு

அருங்காட்சியகத்தில் அவரை, கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்பார்கள். எலும்பு வார்ப்புகளைக் கம்பியில் கோத்து நிற்க வைப்பது அவர் வேலை. கோணலாக எது கண்ணில் பட்டாலும் பொறுக்காது. அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தாலும் நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார்.

"என்னையும் ஒரு நாள் காலுக்கடியில அட்டை மடிச்சு வெச்சு நிமித்திடுவீங்க" என்பாள் மனைவி.

அவர் நிறுத்திய எதற்கும் முட்டுக் கொடுத்ததில்லை. அந்தப் பெருமைக்கு இப்போது கேடு வந்திருந்தது. மனிதருக்கு வெகுகாலம் முன்பே இரண்டு காலில் நடந்த ஒருத்தியின் எலும்புக்கூடு. எப்படிக் கோத்தாலும் இடுப்புக்கு மேல் முன்னால் கவிழ்ந்தாள். முழங்காலைத் திருத்தினார், கம்பியை மாற்றினார், பீடத்தைத் திட்டினார். வெள்ளிக்கிழமை திறப்பு.

"பின்னாடி ஒரு தூண் வெச்சிடுங்களேன்" என்றார் மேலாளர்.

"நடந்தவளுக்கு எதுக்குங்க தூண்?"

குனிந்து குனிந்து அவர் இடுப்பே பிடித்துக்கொண்டது. மனைவி டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டினார். அது சாய்ந்திருந்தது. முனகிக்கொண்டே இவர் எழுந்து அதை நிமிர்த்தியபோதுதான் பார்த்தார்.

"டாக்டர், முதுகுல கடைசி எலும்பு ஆப்பு மாதிரி இருக்கே. முன்பக்கம் உசரம், பின்பக்கம் கம்மி. வலி இதனாலயா?"

"எல்லாருக்கும் அப்படித்தாங்க. அந்தச் சரிவாலதான் இடுப்பு உள்ளே வளைஞ்சு உடம்பு கால் மேல நிக்குது. மட்டமா இருந்தா முன்னாடி கவுந்துடுவோம்."

அவர் முகம் செத்துப்போனது.

"என்னங்க, ரொம்ப மோசமா?" என்றாள் மனைவி.

"தேச்சுட்டேன்டி!"

அருங்காட்சியகத்தில் கவிழ்ந்துகொண்டிருந்தவளின் கீழ்முதுகு வார்ப்புகளும் அப்படிச் சரிவாகத்தான் வந்திருந்தன. அச்சுக் கோளாறு என்று நினைத்து, அரம் போட்டு மட்டமாக்கியது அவரேதான். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தேய்த்த அழகைப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு போய்ப் புதிதாக வார்த்தார். அரத்தை வீட்டிலேயே பூட்டி வைக்க மனைவியிடம் சொல்லியிருந்தார். சரிவைத் தொடும்போதெல்லாம் கை அரித்தது. "இத்தனை கோணலை வெச்சுக்கிட்டு எப்படித்தான் நடந்தியோ" என்று எலும்பிடமே எரிந்து விழுந்தார். சரிவு காட்டிய வழியில் கம்பியை வளைத்து, கோத்து, கையை எடுத்தார்.

நின்றாள்.

மனைவி போன் செய்தாள். "என்னங்க, நின்னாளா?"

"அவ நிக்கறா. எனக்குத்தான் ஒரு தூண் வேணும். வந்து கூட்டிட்டுப் போ."