அத்தானின் அசதி

என் அக்காள் புருஷனை எல்லாரும் இஸ்திரிக் கடைக்காரர் என்பார்கள். அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நின்றபடி தேய்ப்பவள் அக்காள்தான். அத்தான் துணி மூட்டையில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் தன் உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

எழுந்தால் அசதி. சாப்பிட்டால் மந்தம். மூட்டையைத் தூக்கச் சொன்னால் கை கால் வெலவெலத்துவிடும், விருந்தாளி வந்தால் கிறுகிறுப்பு. ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், "என்ன அத்தான், களைப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"களைப்புங்கறது வேலை செஞ்சா வர்றதும்மா. எனக்கு அது கிடையாது. எனக்கு அசதி" என்று திருத்தினார். அந்த மனுஷன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அதுதான்.

அக்காளுக்கு இந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வராது. போன மாதம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே மேஜைமேல் சரிந்தாள். பெட்டிக்கடியில் ஒரு சட்டை கருகிப்போனது. "ஒண்ணுமில்லடி" என்றவளை வம்படியாக டாக்டரிடம் இழுத்துப் போனேன். அத்தானும் ஒட்டிக்கொண்டார். கடையில் தனியாக இருந்தால் யாராவது வேலை சொல்லிவிடுவார்களே!

அவர்கள் முன்னால் உள்ளே போனார்கள். நான் வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு போவதற்குள் கூத்து முடிந்திருந்தது. "என்ன செய்யுது?" என்று டாக்டர் கேட்க, அக்காள் தயங்க, அத்தான் தன் கதையைக் கொட்டியிருக்கிறார். அங்கே இருந்த ஒரே கட்டிலில் அவர் கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காள் அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டர், நோயாளி அவர் இல்ல, இவ!"

டாக்டர் அக்காளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. "உடம்புல ரத்தமே இல்லையேம்மா! எப்படி நிக்கிறீங்க? உடனே படுக்கணும். அவரை எழுப்புங்க."

அத்தான் கண்ணைத் திறக்கவில்லை. "இப்பதான் கொஞ்சம் தெம்பு வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

அக்காள் என் கையைப் பிடித்தாள். "விடுடி, பாவம். பாட்டில் முடியட்டும். நான் நிக்கிறேன்."

இவர்களில் யாரை முதலில் அறைவது என்று எனக்குத் தெரியவில்லை. நர்சைக் கூப்பிட்டு ஊசியைக் கழற்றச் சொன்னேன். அவள் கழற்றி முடித்ததும், அத்தானின் இரண்டு காலையும் பிடித்துக் கட்டிலைவிட்டுக் கீழே இழுத்துப் போட்டேன்.