சபாபதியின் வெண்டைப் பாத்தி

சபாபதியின் தறியை வேறு யாரும் தொடக் கூடாது. மனைவி வள்ளி தொட்டாலும் கத்துவார். "வேற கை பட்டா சேலையில தெரிஞ்சிடும்மா" என்பது அவர் கட்சி. நெசவில் அது உண்மைதான். அதைக் கொண்டுபோய் வெண்டைச் செடியிடமும் காட்டியதுதான் கோளாறு.

2001-ல் காஞ்சிபுரத்தில் அவர் தெருவைச் சேர்ந்த சில நெசவுக் குடும்பங்கள் பக்கத்து ஐயம்பேட்டையில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கடை உரமும் மருந்தும் போடாமல் காய்கறி வைத்தன. தறிக்கு அமாவாசை விடுமுறை என்பதால் அன்றைக்குத்தான் எல்லோரும் நிலத்துக்குப் போவார்கள். மற்ற நாட்களில் தண்ணீர் பாய்ச்சியது பக்கத்திலேயே குடியிருந்த கிருஷ்ணம்மாள். வீட்டுக்கு ஒரு பாத்தி. சபாபதி தன் பாத்தியைச் சுற்றிக் கயிறு வேறு கட்டினார்.

பங்குனி உத்திரத்தன்று தெருவில் அன்னதானம் உண்டு. "இந்த வருஷம் சாம்பார்ல வெண்டைக்காய் பூரா என்னுது" என்று டீக்கடை வரை சொல்லிவைத்துவிட்டார். பெருமைதான், வேறென்ன. அவர் நெய்யும் சேலையை யார் யாரோ கட்டிக்கொள்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் அவரிடம் வந்து சொன்னதில்லை. தெரு சாப்பிட்டுவிட்டுச் சொல்லுமே என்று ஏங்கினார். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

அமாவாசையன்று செடியில் விரல் நீளத்துக்குப் பிஞ்சு விட்டிருந்தது.

"ஒருநாள் விட்டு ஒருநாள் பறிச்சுக்கினே இருக்கணும்பா. நான் பறிக்கவா?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மாள்.

"என் பாத்தியில கை வைக்காதம்மா. உத்திரத்துக்கு நானே வந்து பறிச்சுக்கிறேன்."

தறியில் பாதியில் விட்ட சேலை எத்தனை நாளானாலும் பாதியிலேயே இருக்கும். அந்த நினைப்பில் உத்திரத்துக்கு முதல் நாள் கூடையோடு போனார். ஒவ்வொரு காயும் சாண் நீளத்துக்கு முற்றியிருந்தது; முனையை ஒடித்துப் பார்த்தால் வளைந்ததே தவிர ஒடியவில்லை. பறிக்காமல் விட்டதில் செடியில் புதுப் பூவும் இல்லை.

மறுநாள் சாம்பாரில் மார்க்கெட் பூசணி. "எங்கபா உன் வெண்டைக்காய்?" என்று பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவரை டீக்கடைக்காரர் வம்புக்கு இழுத்தார்.

"விறகாயிடுச்சு. யாரையும் தொட விடலை, அதான்" என்றார் சபாபதி. முகம் செத்துப்போயிருந்தது. சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்குப் போனார்.

அந்த வாரமே கயிற்றை அவிழ்த்தார். தினம் ஒரு வீட்டு முறை, யார் பாத்தியானாலும் முறைக்காரர் பறிக்க வேண்டும் என்று அவரே ஏற்பாடு சொன்னார். முறை வந்த வீட்டில் அன்று காலை தறிச் சத்தம் கேட்காது.

அடுத்த உத்திரத்துக்கு இலையில் வெண்டைக்காய் விழுந்தது, இளசாக.

"உன் காயா சபாபதி? நல்லா இருக்குது!" என்றார் டீக்கடைக்காரர்.

சபாபதி வாளிக்குள் பார்த்தார். எல்லாப் பாத்திக் காயும் கலந்து கிடந்தது. எது தன்னுடையது என்று அவருக்கே தெரியவில்லை.

"நேத்து சிவராஜ் வீட்டு முறை. அவங்களாண்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு, டீக்கடைக்காரர் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.